காப்பகத்திலிருந்து வேட்டை இன நாயைத் தத்தெடுத்தால் அதன் துரத்தும் குணம் போய்விடுமா?

கேள்வி – பிப்ரவரி 4

இதுவரை இரண்டு நாய்களை வளர்த்திருக்கிறோம். இரண்டும் குட்டியிலிருந்தே எங்களிடம் இருந்தவை. போன வாரம் ஒரு காப்பகத்தில் நான்கு வயதுள்ள வேட்டை இனப் பெண் நாய் ஒன்றைப் பார்த்தோம். உயரமாக, மெலிந்து, கூண்டின் மூலையில் அசையாமல் நின்றது. ஒரு முறைகூடக் குரைக்கவில்லை, அவ்வளவு சாது. பூனை இல்லாத வீடாக இருந்தால் நல்லது என்று காப்பகத்தார் சொல்கிறார்கள். எங்களிடம் ஏழு வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. போதிய அன்பும் பயிற்சியும் கொடுத்தால் ஆறு மாதத்தில் வேட்டைக் குணம் மறைந்துவிடும் என்றே நான் நினைக்கிறேன். இது தவறா?

பதில் – பிப்ரவரி 4, இரவு

மறையாது. அன்பு கிடைக்காததால் வந்த குணமாக இருந்தால் அன்பு கிடைத்ததும் போய்விடும். துரத்துவது அப்படி வந்ததல்ல. எத்தனையோ தலைமுறைகளாக மனிதர்களே பொறுக்கியெடுத்து, இணை சேர்த்து, கூர்தீட்டி வைத்த குணம் அது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் உங்களைப் போலவே நினைத்துத்தான் கிரேஹவுண்ட் சாயல் கொண்ட ஒரு கலப்பினப் பெண் நாயைக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தேன். நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தோம். என் மடியில் தலை வைத்துத் தூங்கும் நாய் அது. நகம் வெட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு சரி. ஆனால் இன்று காலை நடையில் ஓர் அணில் மரத்திலிருந்து இறங்கியபோது, இளைத்துக்கொண்டிருந்த அதன் வாய் சட்டென்று மூடிக்கொண்டது, காதுகள் உச்சந்தலைக்கு ஏறின, பின்தொடையின் தசை துடிக்கத் தொடங்கியது. அந்தத் துடிப்பு கயிறு வழியாக என் உள்ளங்கை வரை வந்தது. நான் கூப்பிட்டது அதன் காதில் விழவில்லை. அதைக் கீழ்ப்படியாமை என்று நான் இப்போதெல்லாம் நினைப்பதில்லை.

நாயின் வேட்டையை ஆய்வாளர்கள் ஒரு சங்கிலியாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: திரும்பிப் பார்த்தல், கண் பதித்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கடித்துக் கொல்லுதல், கிழித்தல், உண்ணுதல். ஒவ்வொரு வேட்டை இனத்திலும் இச்சங்கிலியின் சில கண்ணிகளைத் தடிக்கவைத்து, வேறு சிலவற்றை மெலியவைத்திருக்கிறார்கள். பாயின்டர் பதுங்கும் கட்டத்திலேயே ஒரு காலைத் தூக்கியபடி உறைந்துவிடுகிறது. ரெட்ரீவர் கவ்வும், ஆனால் பல் பதியாமல் கவ்வும். டெரியருக்குக் கடித்து உதறிக் கொல்வதுதான் வேலை. பீகிளும் பிளட்ஹவுண்டும் மூக்கைத் தரையில் வைத்துவிட்டால் உலகத்தையே மறந்துவிடும். கிரேஹவுண்ட், சலூக்கி, நம்முடைய கன்னி, சிப்பிப்பாறை ஆகியவை கண்ணால் கண்டு துரத்துபவை. நீங்கள் பார்த்தது இந்தக் கடைசி வகை என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. துரத்துவதற்குக் கூலியாக இவற்றுக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை, துரத்துவதே கூலி. ஆகவே கையில் எவ்வளவு நல்ல தின்பண்டம் வைத்திருந்தாலும் நீங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருப்பீர்கள்.

குணம் போகுமா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அந்தக் குணம் இருக்கும்போதே, இன்னும் எட்டுப் பத்து ஆண்டுகள், ஒரு நாளும் தவறாமல் கதவையும் கயிற்றையும் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டார் எல்லோராலும் முடியுமா என்று உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால் அதைப் போன்ற துணை வேறில்லை. பூனை இருக்கும் வீட்டுக்கு மட்டும் இந்த நாய் வேண்டாம்.

பிப்ரவரி 5

நேற்று உங்கள் கேள்வியில் ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மூலையில் அசையாமல் நின்றது, குரைக்கவில்லை, ஆகவே சாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாதுத்தனமாக இருக்கலாம், அச்சத்தில் உறைந்து நின்றதாகவும் இருக்கலாம். காப்பகத்துக்கு வந்த முதல் நாட்களில் நாய்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் கூடியிருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். செவலையும் வந்த ஒரு வாரம் வரை வாயே திறக்கவில்லை. இவ்வளவு அமைதியான நாயை எங்கே பிடித்தீர்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், நானும் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது சோறு தின்னும்போதுகூட வாலைக் கால்களுக்கு நடுவில் ஒட்டவைத்திருந்ததை நான் பார்த்தேன், ஆனால் அதற்குப் பொருள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் காப்பகத்துக்குப் போங்கள், ஒரு முறையல்ல, மூன்று நான்கு முறை. கூண்டுக்கு வெளியே, கயிற்றில் நடக்கும்போது அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏதாவதொரு வீட்டில் தற்காலிகமாக வளர்ந்திருக்கிறதா, அந்த வீட்டாரோடு பேச முடியுமா, எங்கிருந்து வந்தது, முன்பே யாராவது தத்தெடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்களா, அப்படியானால் ஏன் என்றெல்லாம் கேளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 11

கதவைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவானேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

செவலை வந்த பதினோராம் நாள் பிற்பகல். யாரோ அழைப்பு மணியை அடித்தார்கள். நாய் உள்ளறையில் தூங்குகிறது என்ற நினைப்பில் கதவை ஒரு முழம் அளவுக்குத் திறந்தேன். என் முழங்காலை ஏதோ உரசிக்கொண்டு போனது மட்டும்தான் தெரியும். எதிர்ப்புறச் சுவரின் மேல் ஒரு பூனை போய்க்கொண்டிருந்திருக்கிறது. கிரேஹவுண்ட் வகை நாய்கள் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியவை, அதாவது நொடிக்கு 16 மீட்டருக்கும் கூடுதலாக. நான் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அது தெருமுனையைத் தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தவை அத்தனையும் தவறு. பெயரைக் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பதினோரு நாள் பழக்கத்தில் அதற்கு அந்தப் பெயரும் சரியாகத் தெரியாது, என்னையும் தெரியாது. கத்திக்கொண்டு துரத்தி வரும் ஒரு மனிதனை மட்டுமே அது பார்த்தது. அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து நாலா பக்கமும் தேடினோம். நாங்கள் தேடத் தேட அது இன்னும் தள்ளிப் போனது. தொலைந்து போன நாய், அதுவும் அச்சம் மிகுந்த நாய், சில மணி நேரத்திலேயே உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலைக்குப் போய்விடுகிறது, அப்போது வளர்த்தவரையே அடையாளம் கண்டுகொள்ளாமல் ஓடும் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

மறுநாள் ஒரு குடும்பத்தார் தங்கள் வளாகத்தில் அதைப் பிடித்துக் கட்டிப்போட்டு, மருத்துவமனைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே கருவியை வைத்துப் பார்த்ததில் தோளுக்கு நடுவே, தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் பதித்த மைக்ரோசிப் இருந்திருக்கிறது. அதிலிருந்த 15 இலக்க எண்ணைப் பதிவில் தேடியபோது கிடைத்த தொலைபேசி எண் எனக்கு முன்பு தற்காலிகமாக வளர்த்தவருடையது, அந்த எண்ணும் பயன்பாட்டில் இல்லை. சிப் இருக்கிறது என்ற நிம்மதியில், பதிவில் என் பெயரை மாற்றாமல் இருந்தவன் நான்தான். அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது செவலை தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு மறுபடியும் ஓடிவிட்டது.

நான்காம் நாள் விடியற்காலையில், அதைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன வெற்று மனையில், நான் இரண்டு நாள் உடுத்திய சட்டையை விரித்து, வேகவைத்த கோழியைச் சுற்றிலும் போட்டு, பக்கவாட்டில் திரும்பித் தரையில் படுத்துக்கொண்டேன். பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று அனுபவப்பட்ட ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். வெகுநேரம் கழித்து, காய்ந்த இலையில் கால் படும் சத்தம் கேட்டது. என் செருப்பை முகர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. முழங்காலில், இடுப்பில், பிறகு கழுத்தில் அதன் மூச்சுச் சூடு பட்டது. கையை நீட்டாமல் இருந்தேனே, என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியம் அதுதான். அது தானாகவே என் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் சற்றுப் பொறுத்துத்தான் கயிற்றைப் போட்டேன்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். நான்காம் நாள் விடியல் அல்ல, மூன்றாம் நாள் விடியல் என்று என் மனைவி நாட்குறிப்பைப் பார்த்துச் சொல்கிறாள். இரண்டு இரவுகள்தான். எனக்கு மூன்றாகவே நினைவிருக்கிறது.

பிப்ரவரி 18

பூனையைப் பற்றி முதல் குறிப்பில் நான் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னதை இரண்டு பேர் மறுத்திருக்கிறார்கள். ஒருவரின் வீட்டில் ஓய்வுபெற்ற பந்தய நாயும் பூனையும் ஒரே மெத்தையில் படுக்கின்றனவாம். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. செவலையை வைத்துக்கொண்டு எல்லா நாய்களையும் எடை போட்டுவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் தற்காலிகமாக வைத்திருந்த இன்னொரு வேட்டை நாய், பூனையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடும். ஒரே வகை, ஒரே வயது, ஒரே காப்பகம்.

ஆகவே இனத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அந்த நாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நன்றாக இயங்கும் காப்பகங்கள் நாயைக் கயிற்றில் பிடித்து, வாய்ப்பூட்டுப் போட்டு, நாய்களுக்குப் பழகிய ஒரு பூனையைத் தடுப்புக்கு அப்பால் வைத்துப் பார்ப்பதுண்டு. நாய் பூனையைப் பார்ப்பது இயல்பு. பார்த்தபின் கண்ணை எடுக்கிறதா என்பதைக் கவனியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறது, தின்பண்டத்தை வாங்கிக்கொள்கிறது, தரையை முகர்கிறது என்றால் வழி இருக்கிறது. வாய் மூடி, உடல் விறைத்து, உதட்டில் வைத்த இறைச்சியைக்கூடத் தொடாமல் வெறித்துக்கொண்டே நிற்கிறது என்றால் அந்த வீட்டுக்கு அந்த நாய் வேண்டாம். அதில் நாய் மேல் ஒரு பழியும் இல்லை.

வழி இருக்கிறது என்று தெரிந்தாலும் முதலில் இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்து, துணியை மாற்றிப் போட்டு ஒன்றின் வாடையை மற்றொன்றுக்குப் பழக்கி, பிறகு தடுப்புக்கு இரு பக்கமும் நிறுத்தி, அதற்கும் பிறகே ஒரே அறையில் கயிற்றோடு விட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், சில வீடுகளில் மாதக்கணக்கில் ஆகும். பூனை ஏறித் தப்பிக்க உயரமான இடம் எல்லா அறையிலும் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் இரண்டையும் ஒன்றாக விட்டுப் போகவே கூடாது. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: வீட்டுக்குள் பக்கத்தில் படுத்திருக்கும் அதே பூனை, வெளியே புல்வெளியில் ஓடினால் நாய்க்கு அது வீட்டுப் பூனையாகத் தெரிவதில்லை, ஓடும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

மார்ச் 2

கழுத்துப்பட்டை எப்படி உருவிக்கொண்டது என்று கேட்டவருக்கு: கிரேஹவுண்ட் வகையின் தலை, கழுத்தைவிடக் குறுகியது. வழக்கமான கொக்கிப்பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது காதைத் தாண்டி வந்துவிடும். இவற்றுக்கென்றே அகலமான மார்ட்டிங்கேல் பட்டை இருக்கிறது. இழுத்தால் ஓரளவுக்கு இறுகி அதோடு நின்றுவிடும், மூச்சை அடைக்காது. அச்சப்படும் நாய்க்கு அதுவும் போதாது. மார்புக்கு ஒன்றும் விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒடுங்கும் இடுப்புக்கு ஒன்றுமாகக் கூடுதல் வார் உள்ள மார்புப்பட்டையைப் போட்டு, இரண்டு முனைக் கயிற்றில் ஒன்றைக் கழுத்திலும் இன்னொன்றை மார்பிலும் மாட்டி நடங்கள். ஒன்று கழன்றாலும் மற்றொன்று பிடித்திருக்கும். நான் இன்றும் அப்படித்தான் நடக்கிறேன்.

தானாகச் சுருண்டு நீளும் கயிறு வேண்டவே வேண்டாம். எட்டு மீட்டர் ஓட இடம் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அந்த வேகமெல்லாம் நாயின் கழுத்தில் இறங்கும். கையிலிருந்து நழுவினாலோ, பிளாஸ்டிக் கைப்பிடி தரையில் மோதி மோதி அதன் பின்னாலேயே ஓடி வரும். நாய் அதற்குப் பயந்தே நிற்காமல் ஓடும்.

வாய்ப்பூட்டைத் தண்டனையாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். கூடை வடிவில் உள்ளதை வாங்குங்கள், அதற்குள் நாய் வாய் திறந்து இளைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். ஒரு மாதம் அதற்குள்ளேயே தின்பண்டத்தை வைத்துக் கொடுத்தால் தானாக மூக்கை நுழைக்கும். இந்த நாய்களின் தோல் தாளைப் போல மெல்லியது. இரண்டு நாய்கள் சேர்ந்து ஓடும்போது விளையாட்டாய்ப் பட்ட பல்லே தையல் போடும் அளவுக்குக் கிழித்துவிடும்.

கதவைப் பொறுத்தவரை, வாசலுக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு தடுப்பு வையுங்கள். மதிலோ வேலியோ 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

மார்ச் 9

தத்தெடுத்தவுடன் எடுக்கும் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். செவலைக்கு முதல் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார், நானும் நான்கு மாதம் கொடுத்தேன். அதன் பிறகு வேறொரு மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இந்த வகை நாய்க்கு இந்த அளவு இயல்புதான் என்றார். மாத்திரையை நிறுத்தி, சில வாரம் பொறுத்து மேலும் சில பரிசோதனைகள் செய்து அதை உறுதி செய்தோம்.

கிரேஹவுண்ட் வகையின் இரத்தமே சற்று மாறுபட்டது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு மற்ற நாய்களில் பொதுவாக 55 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை, இவற்றில் 60ஐத் தொடுவது இயல்பு. தட்டணுக்கள் குறைவாகவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகவும், தைராய்டு சுரக்கும் தைராக்சின் குறைவாகவும் இருக்கும். இது தெரியாமல் பார்த்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது, உடலில் நீர் வற்றிவிட்டது என்றெல்லாம் தோன்றும்.

கருத்தடை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள். தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகள் இவற்றின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகின்றன. கொழுப்பு குறைவாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமல்ல; கல்லீரல் அம்மருந்தைச் சிதைக்கும் வேகமும் குறைவு. வேறு மருந்துகள் இருப்பதால் அச்சப்படத் தேவையில்லை, சொல்ல வேண்டும், அவ்வளவே. அறுவை நல்லபடியாக முடிந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துக் காயத்தைச் சுற்றிக் கன்றிப்போய் இரத்தம் கசிவதும் இவற்றில் உண்டு. அது தையலின் குறையாக இல்லாமல், உறைந்த இரத்தம் விரைவில் கரைவதால் வருவதாக இருக்கலாம். டிரானெக்சாமிக் அமிலம் போன்ற மருந்துகளால் அதைத் தடுக்க முடியும்.

மார்பு ஆழமான எல்லா நாய்களுக்கும் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பெருத்து, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல், உட்காரவும் முடியாமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கிளம்புங்கள்.

மார்ச் 23

எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்த நாயைப் பட்டினி போட்டிருக்கிறார்கள் என்று ஒருவர் கொதித்து எழுதியிருக்கிறார். பட்டினி போட்டிருக்கவும் கூடும். ஆனால் கண்ணால் துரத்தும் நாய் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகளும் இடுப்பெலும்பின் முனைகளும் தெரியும். செவலையை முதலாண்டில் நான் பரிவோடு ஊட்டி ஊட்டி நான்கு கிலோ கூட்டிவிட்டேன், பிறகு அதன் மணிக்கட்டு வலிக்கு நானே காரணமானேன். தொடையிலும் தோளிலும் தசை நிறைந்திருக்கிறதா, முதுகெலும்பு முள் முள்ளாகத் துருத்துகிறதா என்பதைப் பாருங்கள்.

இவ்வளவு நல்ல நாய்கள் ஏன் காப்பகத்துக்கு வருகின்றன என்பதற்கு ஒரே விடை இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2018 நவம்பரில் மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை நிறுத்தினார்கள். 2020 இறுதிக்குள் ஓடுதளங்களில் பந்தயம் முடிந்து நாய்கள் வீடு தேடின. ஸ்பெயினில் வேட்டைப் பருவம் முடிந்ததும் கிரேஹவுண்டைப் போன்ற கால்கோ நாய்கள் கைவிடப்படுவது நீண்ட காலத் துயரம். அந்நாட்டின் 2023ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம்கூட வேட்டைக்குப் பயன்படும் நாய்களைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. அங்கிருந்து வரும் நாய்களுக்கு மணல் ஈயால் பரவும் லீஷ்மேனியாசிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கக்கூடியது. 2022இல் வர்ஜீனியாவில் ஆய்வகங்களுக்காகப் பெருக்கப்பட்ட ஏறக்குறைய 4,000 பீகிள்கள் மீட்கப்பட்டு வீடுகளுக்குப் போயின. வேட்டைக்கென உருவான இனம், கூண்டைத் தவிர வேறொன்றும் அறியாமல் வளர்ந்திருந்தது.

துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரளும் நாய், வேட்டையில் சோம்பிய நாய், அழகுக்காக வாங்கப்பட்டு வீட்டைப் பிய்த்தெறிந்த இளம் பாயின்டர் ஆகியவை எல்லாம் அடுத்தடுத்த கூண்டுகளில்தான் நிற்கின்றன. அவற்றில் எது உங்கள் வீட்டுக்கு ஏற்றது என்பதை மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய முடியும்.

ஏப்ரல் 14

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடவிட வேண்டும் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே விடையைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாயின்டருக்கும் கிரேஹவுண்டுக்கும் வேட்டை என்ற சொல் மட்டுமே பொது. பாயின்டர் நாள் முழுவதும் வயல்வெளியில் ஓடித் தேடுவதற்கு உருவானது. அரை மணி நேர நடை அதற்கு வெறும் தொடக்கம். கிரேஹவுண்ட் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உயிரைக் கொடுத்து ஓடும், மீதி நாள் முழுவதும் கால் பரப்பித் தூங்கும். செவலைக்குக் காலையும் மாலையும் நடை, வாரம் இரு முறை முழுவதும் அடைத்த மைதானத்தில் பத்து நிமிடம். பீகிளுக்கு ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை வேண்டும். நீங்கள் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு நடப்பதைவிட, அது முகர விரும்பும் இடத்திலெல்லாம் நின்று இருபது நிமிடம் நடப்பது அதைக் களைப்படையச் செய்யும்.

துரத்தும் ஆசைக்கு வடிகால் கொடுத்தால் ஆசை வளர்ந்துவிடும் என்று முன்பு நான் அஞ்சினேன். கழியின் முனையில் கயிறு கட்டி, அதில் துணிப்பொம்மையைத் தொங்கவிட்டுத் தரையோடு இழுத்து விளையாடத் தொடங்கிய பிறகுதான், என் பேச்சைக் கேட்டு நின்றால் மீண்டும் துரத்தக் கிடைக்கும் என்பதைச் செவலை கற்றது. இன்று தொலைவில் அணிலைப் பார்த்ததும் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்க்கிறது. கயிறு இல்லாமல் விடலாம் என்பது இதற்குப் பொருளல்ல. கயிற்றை முறுக்கிப் பிடிக்க எனக்கு ஒரு கணம் கிடைக்கிறது, அது போதும். மின்சாரம் பாய்ச்சும் பட்டைகளைப் பரிந்துரைத்தவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வலி எங்கிருந்து வந்தது என்று நாய் அறியாது; அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற குழந்தையோடு அந்த வலியை இணைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

ஜூன் 20

தத்தெடுத்த நாய்க்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்றொரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கைக் கற்கும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று உணரும். நானும் இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அதனால் சிலரை வருத்தியிருப்பேனோ என்று தோன்றுகிறது. செவலை ஏழாம் மாதத்தில்தான் முதன்முதலாகப் பக்கவாட்டில் சரிந்து, வயிற்றைக் காட்டித் தூங்கியது. அதுவரை முன்னங்கால்களை அடியில் மடித்து, எழுந்து ஓடத் தயாராகவே படுத்திருந்தது. அதன் முழங்கையில் காய்ப்பு விழுந்திருந்ததற்கும் காரணம் அந்தப் படுக்கைதான் என்று நினைக்கிறேன். முதலாண்டு நிறைந்தபோது, அதுவரை அஞ்சாத துடைப்பத்துக்கு அஞ்சத் தொடங்கியது. மூன்று மாதம் முடிந்தும் நாய் பழகவில்லை, எங்களிடம் ஏதோ குறை என்று எழுதிய தம்பதியருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

தூங்கும் நாயைத் தொட்டு எழுப்ப வேண்டாம் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். இந்த வகை நாய்களில் பல, கண்ணைப் பாதி திறந்தபடியே தூங்கும். விழித்திருக்கிறது என்று நம்பிப் பக்கத்தில் போனால் திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். பெயரைச் சொல்லி, தலை தூக்கிய பிறகு நெருங்குங்கள்.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்டவர் ஆறு மாதம் கழித்து எழுதியிருக்கிறார். முதலில் பார்த்த நாய் பூனைச் சோதனையில் தேறவில்லை, அது பூனை இல்லாத வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் அதே காப்பகத்திலிருந்து ஆறு வயதான இன்னொன்றை அழைத்து வந்திருக்கிறார்கள். வந்து ஒன்பது நாள் ஆகிறதாம். பூனை அலமாரியின் மேலிருந்து பார்க்கிறது, நாய் தடுப்புக்கு அப்பால் படுத்திருக்கிறது. கண்ணாடிக் கதவில் ஒரு முறை முட்டிக்கொண்டது, படிக்கட்டின் முன் நின்று நடுங்குகிறது என்று கவலைப்படுகிறார்கள். கூண்டிலும் ஓடுதளத்திலும் வளர்ந்த நாய்க்குப் படிக்கட்டு என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. கண்ணாடியில் கண் மட்டத்துக்குத் துணிப்பட்டை ஒன்றை ஒட்டுங்கள். படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கக் கற்றுக்கொடுங்கள். முதலில் கடைசி ஒரு படியில் மட்டும், இறங்குவதற்கு.

ஆறு மாதத்தில் குணம் மறையும் என்று நான் நினைத்தது தவறுதான் என்று அவர் எழுதியிருக்கும் வரியைப் படித்து எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை, அவருடைய ஒன்பதாம் நாள்தான் என் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் பதினோராம் நாள். மைக்ரோசிப் பதிவில் உங்கள் பெயரும் இப்போது பயன்படுத்தும் எண்ணும் இருக்கின்றனவா என்று காப்பகத்தின் வாய்ச்சொல்லை நம்பாமல் நீங்களே இன்றிரவு பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 10 மணி

எழுதிவிட்டார். பழைய எண்தான் இருந்திருக்கிறது. மாற்றிவிட்டார்.